அரை நிமிஷ அழுகை

ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுடைய கணவன் நின்றுகொண்டிருந்தான். உள்ளே யாரோ பிரசங்கம் செய்வது போலவும், அதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் நகர்வது என்று முடிவெடுத்துவிட்டது போலவும் ஒரு நிற்பு. கதவு திறந்தே கிடக்கிறது என்று அந்தப் பெட்டியே கீ கீ என்று முறையிட ஆரம்பித்துவிட்டது.

"வெண்ணெய் தீந்துடுச்சா?" என்றான்.

தீரவில்லை. முந்தின நாள் மாலைதான் வாங்கி வைத்திருந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அவன் முழங்கைக்கு அடியில் கையை விட்டு, அவன் மூக்குக்கு நேராக இருந்த டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். மற்ற வீடுகளில் விஷயம் இதோடு முடிந்திருக்கும். இந்த வீட்டில் முடியாது. ஏனென்றால் அவன் பல்கலைக்கழகத்தில் பரிணாம உளவியல் ஆராய்ச்சி செய்கிறவன். மனிதர்கள் இன்றைக்கு ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு, லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் அவர்கள் காட்டில் அலைந்த வாழ்க்கையில் காரணம் தேடுகிற படிப்பு அது. வெண்ணெயைத் தேடத் தெரியாது, காரணத்தைத் தேடுவதில் மட்டும் புலி.

"நாம குகையில இருந்தப்போ" என்று தொடங்கினான். ஆண்கள் வேட்டைக்குப் போனவர்களாம். தூரத்தில் ஓடுகிறதைப் பார்த்துப் பழகிய கண்ணாம். பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பது அந்தக் கண்ணுக்குத் தட்டுப்படாதாம். பெண்கள் பழமும் கிழங்கும் பொறுக்கியவர்கள், அதனால் எது எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடுமாம்.

"அப்போ வெண்ணெய் ஓடினா கண்டுபிடிச்சிடுவீங்களா?" என்று கேட்டாள்.

அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். மசக்கையில் அவள் குளியலறைத் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்று, வயிற்றுப் பிள்ளையை நச்சு உணவிலிருந்து காப்பாற்ற உடம்பு செய்கிற ஏற்பாடு இது என்று விளக்கினான். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரலாம் என்று தோன்றவில்லை. கரப்பான்பூச்சிக்கு அவள் பயந்தால் அதற்கு ஒரு காரணம், பக்கத்து வீட்டுக்காரர் புது பைக் வாங்கினால் அதற்குத் தோகை விரித்துக் காட்டுகிற ஒரு ஆண் மயில். இதையெல்லாம் பார்த்து ஆத்திரப்பட்டால் ஆத்திரத்துக்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். அதுதான் அவளால் பொறுக்கவே முடியாதது. ஒரு மனுஷி தன் வீட்டில் நிம்மதியாகக் கோபப்படக்கூட வழியில்லை.

அவளுடைய அக்கா அவனுக்குக் குகைக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். தொலைபேசியில் கூப்பிட்டால் முதல் கேள்வியே, "குகைக்காரர் எழுந்துட்டாரா?" என்பதுதான். அவனுக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டான். பட்டப்பெயர் வைப்பது ஏன் என்பதற்கும் அவனிடம் காரணம் இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, நல்லவன்தான். குரலை உயர்த்த மாட்டான். குழந்தையைக் குளிப்பாட்டுவான், தோளில் போட்டுக்கொண்டு தூங்கும்வரை நடப்பான். ஆனால் அவள் கவலை வேறு. வருகிற திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. பிரசவ விடுப்புக்குப் போகிற சமயத்தில்தான் புது ஸ்கேன் அறையில் காலை நேரத்து இடம் அவளுக்குக் கிடைத்திருந்தது. அதற்காக எத்தனை நாள் அலைந்தாள், யார் யாரிடம் வாய்விட்டுக் கேட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். பிரிவுத் தலைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: திங்கட்கிழமை வந்தால் அந்த இடம் உனக்கு, வராவிட்டால் கேட்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் காப்பகத்தில் ஒரு வயது நிரம்பினால்தான் சேர்த்துக்கொள்வார்கள், குட்டிக்கு அரை வயதுதான் ஆகிறது. கணவனோ ஆய்வேட்டை எழுதுகிற கட்டத்தில் வீட்டில்தான் இருக்கிறான். ஆகவே குகைக்காரர் குழந்தையைப் பார்த்துக்கொள்வார் என்று முடிவானது. அவனும் உற்சாகமாகத்தான் ஒப்புக்கொண்டான்.

அவனைத் தயார்ப்படுத்துவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. குழந்தை ஏன் அழுகிறது என்று அவனிடம் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவான். அழுகிற குழந்தைக்கு மாற்றுகிற துணி எந்த இழுப்பறையில் என்று கேட்டால் விழிப்பான். பால் புட்டி ஃப்ரிட்ஜில் நடுத் தட்டில் இருக்கும் என்று சொன்னாள், காட்டினாள், ஒரு தடவை அவன் மணிக்கட்டைப் பிடித்துப் புட்டியின் மேலேயே கையை வைத்தாள். அவனும் தலையாட்டினான்.

இதற்கு நடுவில், குழந்தையின் தொட்டில் கம்பியில் கறுப்பாக ஒரு சின்னக் கருவியைக் கட்டி வைத்திருந்தான். என்னவென்று கேட்டதற்கு, குழந்தைகள் போடுகிற சத்தங்களைப் பல்கலைக்கழகத்தில் சேகரிக்கிறோம் என்றான். ங்கா ங்கா என்பதையும் சிரிப்பையும் பதிவு செய்கிறான் போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள். அவனுடைய ஆராய்ச்சியில் கேள்வி கேட்டால் பதில் வரும் என்கிற பயமும் ஒரு காரணம்.

வியாழக்கிழமை காலை அவன் கெஞ்சிக்கொண்டு வந்து நின்றான். சோதனைக்கு வரவேண்டிய தாய்மார்களில் ஒருத்தி கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டாள், ஒரு ஆள் குறைகிறது, பேராசிரியர் பிடுங்கி எடுக்கிறார், நீ வந்து உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும் என்றான். என்ன சோதனை என்று கேட்டாள். முன்கூட்டியே சொன்னால் முடிவு கெட்டுப்போகும் என்றான். சரி, தொலைகிறது, அவன் ஆய்வேடு முடிந்தால் வீட்டுக்கும் நல்லதுதானே என்று குழந்தையையும் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை மாடியில் இருந்தது. நீளமான நடைபாதை. சுவரில் மண்டை ஓடுகள் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக நிற்கிற ஒரு படம், அதற்குப் பக்கத்திலேயே கழுவாத காபிக் கோப்பைகள் பற்றி யாரோ ஒட்டிய எச்சரிக்கை. மனித குலத்தின் நடத்தையைக் கரைத்துக் குடித்தவர்களுக்குத் தங்கள் கோப்பையைக் கழுவத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பேராசிரியர் நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்த அம்மாள். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்கிறாரா அளக்கிறாரா என்று சொல்ல முடியாத பார்வை. ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் நாற்காலியில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் கம்பி இணைத்த ஒரு பிடியைக் கொடுத்தார். சத்தங்கள் வரும், என்ன வந்தாலும் இதை ஒரே சீராகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இறுக்கவும் கூடாது தளர்த்தவும் கூடாது, கணினி கையின் அழுத்தத்தைக் கோடாகப் போடும் என்றார்.

இது அவளுக்குப் பெரிய காரியமில்லை. மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்று நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்கிற வாய். தானும் அப்படியே உட்கார்ந்தாள்.

குழந்தைகளின் அழுகை வர ஆரம்பித்தது. ஒன்று பசியில் அழுதது. ஒன்று தூக்கத்துக்கு அழுதது. ஒன்று வீம்புக்கு அழுதது. ஒவ்வொன்றும் அரை நிமிஷம். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, மார்பில் பால் கட்டுவது போலக் கூட இருந்தது, ஆனாலும் பிடியை ஒரே மாதிரி வைத்திருந்தாள். யார் பெற்ற பிள்ளைகளோ, இந்நேரம் சமாதானமாகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்தது தொடங்கியது. முதலில் விக்கல் மாதிரி இரண்டு இழுப்பு. பிறகு அழலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல ஓர் இடைவெளி. பிறகு வீடே அதிர்கிற அலறல்.

அந்த இடைவெளியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உலகத்தில் வேறெந்தக் குழந்தையும் அப்படி யோசித்துவிட்டு அழாது. குட்டி அழுதாள். அழுதுகொண்டே இருந்தாள். மூச்சு முட்டி, இருமி, மறுபடி அழுதாள். தூக்குகிற சத்தம் வருமென்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. கை தன்பாட்டில் இறுகியது. அரை நிமிஷம் முடிவதற்குள் ஹெட்ஃபோனைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். கணினியில் கோடு திரையின் உச்சியைத் தொட்டுவிட்டு அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றிருந்தது.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். "அடேயப்பா" என்றார் மெதுவாக.

"இது என் பொண்ணு" என்றாள் அவள்.

அப்படியா என்று பேராசிரியர் திரும்பினார். அவர் முகம் மலர்ந்ததை அவள் சாகிறவரை மறக்கப் போவதில்லை. தன் குழந்தை என்று தெரியாமல் வந்து, கேட்டதும் அடையாளம் கண்டிருக்கிறீர்கள், இதைத் தனியாகவே ஒரு கட்டுரையாக எழுத வேண்டும், இன்னொரு தடவை உட்கார முடியுமா என்று கேட்டார். இந்த அழுகை எப்படிக் கிடைத்தது என்று அவள் கேட்டாள். பெற்றோர்கள்தான் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள், குழந்தை அழ ஆரம்பித்தால் அரை நிமிஷம் அப்படியே விட்டுவிடச் சொல்கிறோம், பிறகு பின்னணிச் சத்தத்தை எல்லாம் நீக்கிச் சுத்தப்படுத்துகிறோம் என்றார்.

"அரை நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாதும்மா. உங்க வீட்டுக்காரர் மத்ததெல்லாம் சரியா பண்ணல. இது ஒண்ணுதான் ஒழுங்கா வந்தது."

அதற்கு மேல் அங்கே நின்றால் வாயில் என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. நடைபாதையில் அவன் குழந்தையை மண்டை ஓட்டுப் படத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். பறிக்காத குறையாகக் குழந்தையை வாங்கிக்கொண்டு படியில் இறங்கினாள்.

அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. அதைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், அது கழித்துப்போட்ட பதிவுகளோடு கிடக்கிறது என்றுதான் நினைத்தேன் என்று பேருந்து நிறுத்தத்தில் முணுமுணுத்தான். சொல்லாமலே இருந்திருக்கலாம். சேர்க்க வேண்டாம் என்று சொன்னானாம், பதிவு செய்ய வேண்டாம் என்று தோன்றவில்லையாம். பேருந்து முழுக்க ஜனம். இங்கே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குட்டி நடந்தது எதுவும் தெரியாமல் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது வேறு அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"அவ அழுதப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்டுலதான்."

"வீட்டுல எங்க?"

அவன் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானான். ஒரு ஜோடிச் செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் யாருக்கும் ஆகாது. "அரை நிமிஷம் விடணும்கிறது சோதனையோட விதி" என்றான் கடைசியில்.

"விதியா? தொட்டில் பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தீங்களா?"

எதைக் கேட்டாலும் காரணம் சொல்கிற வாய், முதல் தடவையாக மூடிக்கொண்டது. அந்த மௌனம்தான் அவளை நிலைகுலைய வைத்தது. தேடத் தெரியாதவன், நேரம் காலம் தெரியாமல் பேசுகிறவன், சரி, சகித்துக்கொள்ளலாம். பெற்ற குழந்தை மூச்சு முட்ட அழும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒரு மனிதனால் நேரம் பார்க்க முடியும் என்றால், அவனிடம் எப்படிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவது? அவள் பயந்துவிட்டாள். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தாள். திங்கட்கிழமை வர இயலாது, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று பிரிவுத் தலைவிக்கு எழுத ஆரம்பித்தாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதினாள்.

அவன் பின்னால் வந்து நின்று அதைப் படித்தான். படித்ததும் உள்ளே போய் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் எதிரில் வைத்தான்.

"அனுப்பாத. முதல்ல இதைக் கேளு. சுத்தம் பண்றதுக்கு முன்னாடி இருந்தது."

ஒன்றை ஓடவிட்டான். குட்டியின் இரண்டு இழுப்பு, இடைவெளி, அலறல் தொடங்கியதும் தடதடவென்று காலடிச் சத்தம். "வந்துட்டேன் வந்துட்டேன்டா" என்று அவன் குரல். அழுகை நின்றுவிட்டது. அவ்வளவுதான் பதிவு. அடுத்ததை ஓடவிட்டான். அதில் அலறல்கூட இல்லை, இடைவெளியிலேயே தூக்கிவிட்டிருந்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். எல்லாமே அப்படித்தான். மூன்று வாரமாகக் கொண்டுபோய்க் கொடுத்ததில் ஒன்றுகூட அரை நிமிஷம் தேறவில்லை, ஒரு குழந்தையைக் கொஞ்ச நேரம் அழவிடக்கூட முடியாதவன் என்ன ஆராய்ச்சியாளன் என்று பேராசிரியர் திட்டினாராம்.

பிறகு அந்தப் பதிவைப் போட்டான். வேலையில் மறுபடி சேருவதற்குக் கையெழுத்துப் போட அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த மத்தியானம் அது. அலறல் தொடங்கியது. காலடி ஓடியது, ஆனால் தொட்டிலை நோக்கி அல்ல. தூரத்தில் ஃப்ரிட்ஜ் கதவு திறந்தது. புட்டிகள் இடித்துக்கொண்டன. அவன் குரல் தனக்குத்தானே பேசியது.

"நடுத் தட்டுன்னு சொன்னாளே. நடுத் தட்டு... இதுவா, இது மூணாவதா. எங்கடி வெச்சே... அப்பா தேடறேன்டா கண்ணு. இருடா. அழாத."

குழந்தையின் அலறலுக்கு மேலே ஃப்ரிட்ஜ் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. ஏதோ விழுந்து உருண்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அவளுக்கு அது என்னவென்று புரியக் கொஞ்ச நேரமானது. அவனும் அழுதுகொண்டிருந்தான். திறந்த ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று, கொழுகொழு என்று வளர்ந்த ஒரு ஆண்பிள்ளை, பால் புட்டி கிடைக்காமல் விம்மிக்கொண்டிருந்தான். கடைசியில், "இங்கதான் இருக்கு" என்று ஒரு வார்த்தை, ஓட்டம், அமைதி.

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"எங்க இருந்தது?"

"நடுத் தட்டுலதான்" என்றான். "கண்ணு முன்னாடியே."

"ஏன் சொல்லல என்கிட்ட?"

"சொன்னா நீ திங்கட்கிழமை போக மாட்டே. ஒரு புட்டியத் தேடி எடுக்கத் தெரியாதவன்கிட்ட குழந்தைய எப்படி விடறதுன்னு வேலைய விட்டுடுவே. அந்த இடத்துக்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா?"

"அதுக்குப் பதிலா, குழந்தை அழறத நின்னு வேடிக்கை பாத்தவன்னு நான் நெனச்சா பரவாயில்லையா? அப்ப மட்டும் விட்டுட்டுப் போவேனா?"

"அத நான் யோசிக்கல" என்றான்.

ஐந்து வருஷமாக மனித மனத்தைப் படிக்கிறவன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நிஜமாகவே, உள்ளங்கையால், சத்தம் வரும்படி. அப்படியும் அடங்காமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டே போய்ப் புட்டியைத் தேட வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை என்று கேட்டாள். அவன் அவளையே பார்த்தான். அது அவனுக்குப் புதிய கண்டுபிடிப்பாக இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

கைபேசியில் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது, அது இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஆனால் பயம் போய்விட்டது. அந்தப் பதிவை எடுத்துவிடச் சொல்லிப் பேராசிரியரிடம் இப்போதே பேச வேண்டும் என்றாள். அவன் அவள் எதிரிலேயே தொலைபேசியில் பேசினான். பேராசிரியர் சத்தம் போட்டது அறை முழுக்கக் கேட்டது. அவன் விடாப்பிடியாக முடியாது மேடம், முடியாது மேடம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஆய்வேடு இன்னும் கொஞ்ச காலம் இழுக்கும் என்பது அதோடு உறுதியானது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃப்ரிட்ஜின் நடுத் தட்டிலிருந்த எல்லாவற்றையும் எடுத்து மேலும் கீழும் திணித்தாள். நடுவில் பால் புட்டிகள் மட்டும் நின்றன. குருடன்கூடத் தடவி எடுத்துவிடுவான் என்று அக்காவிடம் தொலைபேசியில் சொன்னாள். குகைக்காரர் எடுக்கட்டும் பார்க்கலாம் என்றாள் அக்கா.

திங்கட்கிழமை ஸ்கேன் அறையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பதினோரு மணி வாக்கில், ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் சட்டையை மாற்றிக்கொண்டிருந்த இடைவெளியில், கைபேசி அதிர்ந்தது. கணவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். திறந்த ஃப்ரிட்ஜ். நடுத் தட்டில் புட்டிகள் பளிச்சென்று நின்றன. கீழே, "பால் எங்க?" என்று எழுதியிருந்தான்.

அவளுக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. மூக்குக்கு நேரா பாருங்க என்று எழுதி அனுப்பப் போனவள், படத்தின் ஓரத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவன் கைமடிப்பிலிருந்து காலுறை போட்ட ஒரு சின்னப் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை தூக்கிக்கொண்டுதான் தேடியிருக்கிறான்.

கொஞ்ச நேரம் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "நடுத் தட்டு" என்று மட்டும் அனுப்பிவிட்டு, அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டு, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள்.